கடன் கொப்பிக்கு ஒரு வருடம்தான்: மலையகக் கடைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம்

நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, ராகலை, அப்புத்தளை என்று எந்த டவுனை எடுத்தாலும், தோட்டத்துக்குப் போகும் வழியில் இருக்கும் பலசரக்குக் கடை கடனில்தான் ஓடுகிறது. சம்பளம் 10ஆம் திகதி வாக்கில் கைக்கு வரும். அதுவரை அரிசி, மா, சீனி, பருப்பு, பிள்ளைகளின் பென்சில் எல்லாம் கடை முதலாளியின் கணக்கில். தீபாவளி மாதத்தில் அந்தக் கணக்கு இன்னும் ஏறும். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கடன் கொப்பியில்தான் கடையின் முதலீட்டில் பாதி கிடக்கிறது.

“கொப்பியில எழுதியிருக்கு, எங்க போயிடப் போகுது?” என்றுதான் அநேகமான கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். சட்டப்படி பார்த்தால் அந்தக் காசு இரண்டு வழிகளில் கைவிட்டுப் போகலாம். ஒன்று, காலம் கடந்துவிடும். மற்றது, கொப்பியை மட்டும் வைத்துக் கடனை நிரூபிக்க முடியாது. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் ஒரு சிறு கடையின் சட்டச் சிக்கலில் பெரும் பகுதி தீர்ந்துவிடும். சட்டத்தரணியிடம் போகும் தேவையே வராமலும் போகலாம்.

முதலில் காலத்தைப் பார்ப்போம். ஒரு கடனுக்கு எத்தனை வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதை இலங்கையில் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. பிரிட்டிஷ் காலத்துச் சட்டம், இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, எழுத்தில் கொடுத்த வாக்குறுதிக்கும் ஒப்பந்தத்துக்கும் 6 வருடம். வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு 3 வருடம். ஆனால் விற்றுக் கொடுத்த சாமானின் விலை, கடை பில், கணக்குக் கொப்பியில் எழுதிய கடன், செய்து கொடுத்த வேலைக்கான கூலி ஆகியவற்றுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அவற்றுக்கு ஒரே ஒரு வருடம்.

அதாவது, நம் கடன் கொப்பி முழுவதும் அந்த ஒரு வருடக் கணக்கில் வருகிறது. பலசரக்குக் கடைக்கு மட்டும் இல்லை. சட்டை தைத்துக் கொடுத்த தையல்காரர், ஆட்டோவுக்கு எஞ்சின் வேலை செய்த கராஜ்காரர், சுவர் கட்டிய மேசன், கல்யாண அட்டை அடித்துக் கொடுத்த அச்சகக்காரர் எல்லோருக்கும் இதே ஒரு வருடம்தான்.

அந்த வருடம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? காசு கொடுக்க வேண்டிய நாளிலிருந்து. ஓர் உதாரணம் பார்ப்போம். 2025 ஏப்ரல் 3ஆம் திகதி ஒருவர் 8,400 ரூபாவுக்குச் சாமான் எடுக்கிறார். மே 10 சம்பளத்தில் தருவதாகப் பேச்சு. அப்படியானால் எண்ணிக்கை மே 10 அன்று தொடங்குகிறது. 2026 மே 10க்குள் வழக்குப் பதிய வேண்டும். நாள் எதுவும் பேசவில்லை என்றால், சாமான் கொடுத்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்வதுதான் பாதுகாப்பு. “ஈ.பி.எஃப். காசு வந்ததும் மொத்தமாத் தாறேன் முதலாளி” என்று சொல்லும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அந்த ஊழியர் சேமலாப நிதிக் காசு பொதுவாக ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதாகும்போது வருவது. அப்படி ஒரு பேச்சு நடந்திருந்தால் அதை எழுதி வாங்காமல் விடவே கூடாது. வருடங்கள் கழித்து, அப்படிப் பேசியதற்கு உங்கள் கையில் எந்த அத்தாட்சியும் இருக்காது.

ஒருவர் பெயரில் இரண்டு மூன்று வருடக் கணக்கு தொடர்ந்து ஓடுகிறது என்றால், பழைய பக்கங்கள் முதலில் காலாவதியாகும். மொத்தத் தொகை கூடிக்கொண்டே போவதைப் பார்த்துக் கடைக்காரர் தைரியமாக இருப்பார். உள்ளே பார்த்தால் அதில் ஒரு பகுதி ஏற்கெனவே வழக்குக்கு உதவாத தொகையாகியிருக்கும். கடன் அதனால் அழிந்துபோவதில்லை. கேட்கலாம், அவர் மனமுவந்து கொடுத்தால் வாங்கலாம். நீதிமன்றத்தில் எதிராளி “காலம் கடந்துவிட்டது” என்று எழுப்பினால் அந்தக் கதவு அடைபட்டுவிடும், அவ்வளவுதான்.

அடைபடாமல் காக்கச் சட்டத்திலேயே இரண்டு வழிகள் இருக்கின்றன. கடன்பட்டவர் கடனை ஏற்றுக்கொண்டு எழுத்தில் கையெழுத்துப் போட்டால் காலம் புதிதாகத் தொடங்கும். கடனில் ஒரு பகுதியைக் கட்டினாலும் தொடங்கும். வெறும் வாய்ச்சொல்லுக்கு இந்தப் பலன் இல்லை. பத்துப் பேர் முன்னால் “உங்க காசு எங்கேயும் போகாது, தந்திடுவேன்” என்று சொன்னாலும் சட்டத்துக்கு அது போதாது. இதை நம் கடைக்காரர்கள் நன்றாக மனதில் வைக்க வேண்டும். நம் பழக்கம் முழுக்க வாய்ச்சொல்லில் நிற்கிறது, சட்டம் கையெழுத்தைக் கேட்கிறது.

இனி நிரூபிப்பது. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் 34ஆம் பிரிவு நேராகக் கடைக்காரரைப் பற்றியது. வியாபாரத்தில் ஒழுங்காக எழுதிவரும் கணக்குப் புத்தகத்தை நீதிமன்றம் சாட்சியமாகப் பார்க்கும். ஆனால் அந்தப் பதிவு ஒன்றை மட்டும் வைத்து ஒருவரைக் கடனாளி என்று தீர்க்க அது போதாது. ஏன் என்பது யோசித்தால் விளங்கும். கொப்பி உங்களுடையது, பேனாவும் உங்களுடையது. நீங்கள் நேர்மையானவர்தான், ஆனால் நீதிபதிக்கு அது எப்படித் தெரியும்? ஆகவே கொப்பியோடு சேர்ந்து இன்னொன்று வேண்டும். வாடிக்கையாளரின் கையெழுத்தோ, பில்லோ, சாமான் கொடுத்ததைப் பார்த்த ஆளோ, கடனை ஒப்புக்கொண்ட செய்தியோ இருக்கலாம்.

வழக்கமான ஒரு கடன் கொப்பிப் பக்கத்தைப் பாருங்கள். “செல்வி அக்கா 1700” என்று இருக்கும். அதன் கீழே “செல்வி 450”. அப்புறம் ஒரு கோடு, “தந்தது 1000”. எந்தச் செல்வி, எந்தத் திகதி, என்ன சாமான், ஆயிரம் ரூபாவைத் தந்தது அவரா அவர் மகனா, ஒன்றும் தெரியாது. கடைக்காரருக்கு எல்லாம் மனப்பாடம். ஆனால் நாளைக்குக் கொப்பியைக் கையில் எடுத்துப் பேசப் போகிறவர் வேறு ஒருவராக இருக்கலாம், உங்கள் மகனாகவோ மனைவியாகவோ கூட.

அதே பதிவை இப்படி எழுதலாம்: “12.03.2025, அரிசி 5 கிலோ, பருப்பு 1 கிலோ, சோப் 2, ரூபா 1,700, சம்பள நாள் 10.04.2025.” பக்கத்தில் அவருடைய கையெழுத்து. பக்கத்தின் தலையில் ஒரு முறை முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், தோட்டம், டிவிஷன். ஒவ்வொரு பதிவுக்கும் கையெழுத்து வாங்குவது கூட்ட நேரத்தில் நடக்காத காரியம் என்பது எனக்கும் தெரியும். அதனால் மாதத்துக்கு ஒரு முறை, சம்பளத்தில் காசு கட்ட வரும் நாளில், மொத்தத்தைப் போட்டுக் காட்டி வாங்குங்கள். “10.04.2025 வரை மொத்தம் 14,260. இன்று கட்டியது 6,000. மீதி 8,260. சரி.” அதன் கீழ் அவர் கையெழுத்து. இந்த ஒரு வரிக்குள் மூன்று வேலை நடக்கிறது: கடன் எழுத்தில் ஏற்கப்படுகிறது, பகுதிக் கட்டணம் பதியப்படுகிறது, ஒரு வருட எண்ணிக்கை புதிதாகத் தொடங்குகிறது. ஒரு சின்னப் பற்றுப் புத்தகத்தை அவர் கையிலும் கொடுத்து அதிலும் இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. கடைக்காரர் கூட்டி எழுதிவிட்டார் என்ற பேச்சே எழாது.

யாரிடம் கையெழுத்து வாங்குகிறீர்கள் என்பதிலும் கவனம் தேவை. சாமான் எடுக்க வருவது அநேகமாக வீட்டுப் பெண்கள் அல்லது பிள்ளைகள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் கையெழுத்தால் பயன் இல்லை. கணவன் பெயரில் இருக்கும் கடனுக்கு மனைவி போட்ட கையெழுத்து, கணவன் கடனை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. கணக்கு யார் பெயரில் என்று முதலிலேயே முடிவுசெய்து அவரிடமே வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத வயதானவர் என்றால், எழுதியதை அவருக்கு விளங்கும்படி வாசித்துக் காட்டி, பெருவிரல் அடையாளம் எடுத்து, அவருக்கு வேண்டிய இரண்டு பேரைச் சாட்சிக்குக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

தொகை பெரிதாகிவிட்டால் கொப்பியை விட்டுத் தனித் தாளுக்கு மாறுவது நல்லது. கொப்பியில் உள்ள கையெழுத்து கடைக் கடனின் ஒரு வருடத்தைப் புதுப்பிக்கத்தான் உதவும். இன்ன தொகையை இன்ன நாளில் தருவேன் என்று தனியாக எழுதிக் கையெழுத்திட்டால் அது எழுத்துமூல வாக்குறுதி, அதற்கு 6 வருடம் இருக்கிறது. வாசகம் பெரிதாக ஒன்றும் வேண்டாம்:

“இன்ன தோட்டம், இன்ன டிவிஷனில் வசிக்கும், இன்ன இலக்க அடையாள அட்டை உடைய நான், இன்னாருடைய கடையில் 30.04.2025 வரை எடுத்த சாமானுக்காக ரூபா 28,500 கொடுக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். 10.06.2025 முதல் மாதம் 4,750 ரூபா வீதம் ஆறு தவணைகளில் இதைக் கட்டி முடிப்பேன்.”

கீழே திகதி, அவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகள். அவருக்கு ஒரு பிரதி. தமிழில் எழுதினால் போதும். கையெழுத்துப் போடுகிறவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் அச்சிட்ட படிவத்தில் வாங்கிய கையெழுத்து பின்னால் உங்களுக்கே தலைவலியாகும். “என்ன எழுதியிருக்கு என்று எனக்குத் தெரியாது” என்று அவர் சொன்னால் கேட்கிறவர்கள் நம்புவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

வட்ஸ்அப்பில் “அண்ணே, 28,500 இருக்கு, அடுத்த மாசம் பாதி தாறேன்” என்று வந்த செய்தியை அழிக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, ஒரு பதிவு மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தள்ளிவிட முடியாது. இருந்தாலும் யாருடைய போன், யார் அனுப்பியது என்ற கேள்விகள் வரும். தாளில் கையெழுத்து வாங்க வழி இருக்கும்போது செய்தியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

சாமானோடு கைமாற்றாகக் காசும் கொடுக்கும் கடைகள் உண்டு. மரணவீடு, ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளையின் பரீட்சை என்று வந்து நிற்கிறவரை எப்படித் திருப்பி அனுப்புவது? கொடுக்கிறீர்கள் என்றால் அதற்குப் புரோ நோட் எழுதும் வழக்கம் இருக்கிறது. அதற்கும் 6 வருடம்தான். ஆனால் 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணக்கடன் கட்டளைச் சட்டம், அந்தப் பத்திரத்தில் மூன்று விஷயங்கள் தனித்தனியே இருக்க வேண்டும் என்கிறது: உண்மையில் கையில் கொடுத்த முதல், முன்கூட்டியே வட்டியாகப் பிடித்துக்கொண்ட தொகை, வருட வட்டி வீதம். இவை இல்லாத புரோ நோட்டை வைத்துப் பொதுவாகக் காசு அறவிட முடியாது. வெற்றுப் புரோ நோட்டில் கையெழுத்தை மட்டும் வாங்கி வைப்பது நம் பக்கத்தில் நடக்கிறது. அது தவறு, ஆபத்தும் கூட. கொடுத்தது 20,000 என்றால் 20,000 என்று எழுதுங்கள்.

பொறுப்பு நிற்பது பற்றி ஒரு வார்த்தை. “அவனுக்குக் கொடுங்க, நான் பொறுப்பு” என்று ஒரு கங்காணியோ மாமனோ சொல்ல, அந்த நம்பிக்கையில் சாமான் கொடுப்பது சகஜம். ஒருவருடைய கடனுக்கு இன்னொருவர் பொறுப்பேற்பது எழுத்தில், பொறுப்பேற்பவரின் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. பொறுப்பு நின்றவரிடமும் ஒரு கையெழுத்து வாங்குங்கள்.

கடனுக்கு ஈடாக ஏ.டி.எம். அட்டையையும் அதன் இரகசிய இலக்கத்தையும், அல்லது அடையாள அட்டையை, வாங்கி வைக்கும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. செய்யாதீர்கள். அடுத்தவர் அட்டையால் நீங்கள் எடுத்த ஒவ்வொரு ரூபாவுக்கும் பிறகு பதில் சொல்ல வேண்டி வரும், அவர் பொலிஸில் முறைப்பாடு செய்தால் கடன் கொடுத்த நீங்கள் குற்றவாளியின் இடத்தில் நிற்பீர்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் ஒரு தொழிலாளியின் கடனை ஒரு துண்டில் எழுதி, அந்தக் கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கே அவரை மாற்றிவிடும் துண்டு முறை இருந்தது. 1921இல்தான் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடனைக் காட்டி ஒரு மனிதரின் சம்பளத்தையும் நடமாட்டத்தையும் பிடித்து வைத்த அந்த வழி, நம் கடைகள் வழியாக வேறு உருவத்தில் திரும்பி வரக் கூடாது. கடனைக் கையெழுத்தால் காப்பாற்ற முடியும்போது ஆளைப் பிடித்து வைக்கத் தேவையே இல்லை.

அதேபோல, கடனைத் தரவில்லை என்பதற்காகப் பொலிஸுக்கு ஓடுவதால் பயன் குறைவு. ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் நோக்கம் இருந்தால் அது வேறு கதை. வெறும் கடன் பாக்கி குடியியல் விவகாரம்.

அதற்கான முதல் இடம் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நாடு முழுவதும் இருக்கிறது. சிறு தொகைக் கடன் தகராறுகளை முதலில் அங்கே கொண்டு போய், தீராவிட்டால் சபை தரும் சான்றிதழோடுதான் நீதிமன்றம் போகலாம். கடன் கொப்பியில் வரும் சாதாரணத் தொகைகள் இந்த வழியில்தான் போக வேண்டும். உங்கள் தரப்பு ஒரு மத்தியஸ்தரையும் மற்றத் தரப்பு ஒருவரையும் பட்டியலிலிருந்து தெரிவு செய்வீர்கள், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரை எடுப்பார்கள். சட்டத்தரணிகள் அங்கே வாதாட முடியாது. மூவரும் தீர்ப்புச் சொல்வதில்லை, இருவரையும் ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். என் அபிப்பிராயத்தில் ஒரு தோட்டத்துக் கடைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை, ஏனென்றால் வழக்கு முடிந்த மறுநாளும் அந்த வாடிக்கையாளர் உங்கள் கடை வாசலால்தான் நடந்து போகப் போகிறார். போகும்போது கொப்பி, கையெழுத்திட்ட தாள், பில்கள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். மாதம் எவ்வளவு தவணை என்றால் உங்களுக்குச் சம்மதம் என்பதை வீட்டிலேயே யோசித்துக்கொண்டு போங்கள். பதினோராம் மாதம் வரை காத்திருக்க வேண்டாம், ஐந்தாறு மாதத்தில் காசு அசையவில்லை என்றாலே மனு கொடுத்துவிடலாம்.

அங்கே தீரவில்லை என்றால் நீதிமன்றம். அதற்குப் பெரும்பாலும் சட்டத்தரணி வேண்டியிருக்கும், செலவும் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு 1978இல் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, நுவரெலியா, பதுளை, கண்டி ஆகிய இடங்களில் அதன் நிலையங்கள் உள்ளன. மொழியை நினைத்துத் தயங்க வேண்டாம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி வழக்கைத் தமிழில் தாக்கல் செய்யலாம், விளங்காத மொழியில் நடக்கும் விசாரணைக்கு மொழிபெயர்ப்பும் கேட்கலாம்.

வழக்குப் போடப் போகும்போதுதான் சிலருக்கு இன்னொரு குறை தெரியவரும். கடையின் பெயர்ப் பலகையில் இருப்பது உங்கள் சொந்தப் பெயர் இல்லாமல் ஏதோ ஒரு “ஸ்டோர்ஸ்” என்றால், 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க வணிகப் பெயர்கள் கட்டளைச் சட்டத்தின்படி அந்தப் பெயரைப் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் அந்தப் பெயரில் நடந்த வியாபாரத்துக்காக வழக்குப் போடுவதில் தடை வரலாம். பிரதேச செயலகத்தில் கேட்டால் படிவம் பற்றிச் சொல்வார்கள், கிராம சேவகரின் உறுதிப்படுத்தலும் வேண்டியிருக்கும். கடன் தாளில் எழுதும்போதும் கடைப் பெயரோடு உங்கள் சொந்தப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

கடைசியாக, உங்கள் பக்கத்துக் கடன். லொறியில் சாமான் இறக்கும் விநியோகஸ்தருக்கு நீங்களும் கடனாளிதான், இதே சட்டம் உங்களுக்கும் பொருந்தும். அவருடைய ஆள் நீட்டும் பில்லில் நீங்கள் போடும் கையெழுத்து, சாமான் முழுதாகக் கிடைத்தது, தொகை சரி என்பதற்கான எழுத்துமூல ஒப்புதல். ஆகவே பெட்டிகளை எண்ணாமல் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு பெட்டி குறைந்தால் அதை அந்தப் பில்லிலேயே எழுதி, கொண்டுவந்தவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கொடுக்கும் காசுக்கு அந்த இடத்திலேயே பற்றுச்சீட்டு கேளுங்கள். காசோலை கொடுப்பதானால் அந்தத் திகதியில் கணக்கில் பணம் இருக்குமா என்று பார்த்துக் கொடுங்கள். பணம் இல்லை என்று தெரிந்தே கொடுத்த காசோலை திரும்பினால், 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் அது குற்றமாகவே ஆகிவிடும்.